எல்லா மாட்டுக்கும் லெச்சுமி என்று பேர்

தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்வியைப் பட்டியில் மாடு அசைபோடுகிற மாதிரி நானும் நாலு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்குப் பின்னால் மருமகள் கௌரி சிரிக்கிற சத்தம், கடைக்கு வந்த யாரோ "இந்த நீலத்துல வேற கரை இல்லையா" என்று கேட்கிற சத்தம், இங்கே கூரைத் தகரத்தில் மழை. நான் இரண்டு வார்த்தை சொன்னால் நீ ஒரு வார்த்தையைத்தான் கேட்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் அப்பா அடுப்படியில் ரொட்டி சுடுகிறார். எனக்கு இன்றைக்கு வேறு வேலை இல்லை.

நீ கேட்டது இதுதான். கல்யாணச் சேலையும் நகையும் வாடகைக்குக் கொடுக்கிற உங்கள் வத்தளைக் கடையில், போன முகூர்த்தத்தில் ஒரே பட்டுச் சேலையை இரண்டு மணப்பெண்களுக்குப் பதிந்துவிட்டீர்கள். கௌரி ஒரு பெண்ணின் வீட்டுக்கே ஓடிப்போய், காலில் விழாத குறையாகப் பேசி, அதைவிட நல்ல சேலை ஒன்றைக் கட்டச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். இனி இப்படி நடக்கக் கூடாது, எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் ஒழுங்காகப் போட வேண்டும் என்று இரண்டு பேரும் முடிவெடுத்திருக்கிறீர்கள். "அம்மா, நானே வீடியோ பாத்துப் படிச்சு டேட்டாபேஸ் செஞ்சிக்கவா, இல்ல தெரிஞ்ச ஆள் ஒருத்தர வச்சிக்கவா? நீங்கதானே சங்கத்துல செஞ்சீங்க, நீங்க சொல்லுங்க" என்று கேட்டாய். போனை வைத்த பிறகு நான் எவ்வளவு நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று உன் அப்பாவைக் கேள். ஓ.எல். பரீட்சை முடித்துவிட்டு அடுத்த வாரமே தேயிலைக் கொழுந்து எடுக்கக் கூடை தூக்கிய என்னிடம், ஏழு வருசம் துபாய் ஹோட்டலில் வேலை பார்த்த என் மகன் டேட்டாபேஸ் பற்றி ஆலோசனை கேட்கிறான். இந்தச் சந்தோசத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

இதெல்லாம் நடந்தபோது நீ துபாயில் இருந்தாய். "அம்மா கொம்பியூட்டர் படிக்கிறாங்களாம்" என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். முழுக் கதையையும் கேட்டால் உன் கேள்விக்குப் பதில் அதிலேயே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முழங்கால் வலி வந்து நான் மலைக்குப் போவதை நிறுத்திய பிறகு, நம்ம தோட்டத்துப் பால்காரப் பெண்கள் சங்கத்தில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தலைவி பாக்கியம் அக்கா, நம்ம லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராக்காரர். சங்கத்தில் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாடு, இரண்டு மாடு. காலையில் பால் சேர்க்கிற இடத்துக்குப் பால் வரும், லிந்துலையிலிருந்து வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் எல்லாம் மாடுகளைப் பற்றிய விபரத்தில்தான். எந்த மாட்டுக்கு எப்போது சினை ஊசி போட்டது, எது எப்போது ஈனும், எதற்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தது, இதெல்லாம் அவரவர் தலைக்குள் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை வருகிற மிருக வைத்தியர், நம்ம டொக்டர் மாத்தயா, மாடு மாடாகப் போய் விசாரிப்பதற்குள் பொழுது போய்விடும். அதிலும் பாதி மாட்டுக்கு லெச்சுமி என்று பேர். மேல் லயத்து லெச்சுமி, கோயிலடி லெச்சுமி, வெள்ளை லெச்சுமி, நொண்டி லெச்சுமி. நம்ம வீட்டு மாட்டுக்கும் நீதான் சின்னதில் லெச்சுமி என்று வைத்தாய், மறந்திருப்பாய். டொக்டர் மாத்தயா வண்டியை விட்டு இறங்கும்போதே "மே லெச்சுமித?" என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டுதான் இறங்குவார். இதுதான் லெச்சுமியா என்று அர்த்தம். யாரைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும்.

அந்த நேரத்தில் சங்கத்துக்கு ஒரு லெப்டொப் அன்பளிப்பாக வந்தது. அதில் எல்லா மாட்டையும் பதிந்துவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. பாக்கியம் அக்கா எழுந்து, "நமக்கு எதுக்கு அந்த வேல? தெரிஞ்ச ஆள கூப்புட்டா வந்து செஞ்சி வச்சிட்டுப் போறாங்க" என்றார். ஹட்டனில் கொம்பியூட்டர் படிப்பிக்கிற ஒரு யாழ்ப்பாணத்து மிஸ்ஸை யாரோ சொன்னார்கள். நிரோஷா மிஸ். உன் வயதுதான் இருக்கும். சில கம்பனிகளுக்கு டேட்டாபேஸ் செய்து கொடுக்கிறவர். நாங்கள் கேட்டதும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டார். எல்லோரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். அவர் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

"உங்களுக்கு என்னத்தைத் தெரிஞ்சுகொள்ள வேணும்?"

பாக்கியம் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "எல்லாந் தெரியணும் மிஸ்" என்றார்.

"எல்லாமெண்டா?"

"எல்லாந்தான்."

மிஸ் என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எல்லோரும் தேநீர் குடித்தோம். பிறகு மிஸ் சிரித்துக்கொண்டே, "அம்மா, இப்ப நான் செய்து தந்தா அது என்ரை எண்ணத்துக்குச் செய்ததா இருக்கும். உங்கடை மாடுகளைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. எனக்கு மாடெண்டாப் பயம் வேற. நீங்கள் அதிட்டை என்ன கேள்வி கேக்கப்போறியள் எண்டு முதல்ல யோசியுங்கோ. பிறகு கூப்பிடுங்கோ, வாறன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

"வந்த வேலைய செய்யாமப் போயிருச்சே அந்தப் புள்ள" என்று பாக்கியம் அக்காவுக்கு ஒரே ஆதங்கம். எனக்கோ ரோசம். "யாரும் வேணாங்க்கா, நானே படிச்சிக்கிறேன்" என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் லெப்டொப்பை எப்படித் திறப்பது என்று தேடினேன்.

படித்தேன், தம்பி. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்ந்துபோகிறது. போனில் சிக்னல் கிடைப்பது கோயில் சரிவில் மட்டும்தான். நான் அங்கே கல்லில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பேன், உன் அப்பா பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் படபடவென்று பேசுவார். அவர் சொல்கிற உதாரணமெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மார்க்கும்தான். நான் பிள்ளைக்குப் பதில் மாடு, மார்க்குக்குப் பதில் ஊசி என்று மனசுக்குள் மாற்றிப்போட்டுக்கொள்வேன். ஒருநாள் உன் அப்பாவிடம், "இங்க பாருங்க, ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு கீ வேணுமாம்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "மேசைக்கு எதுக்குடி சாவி? இழுப்பு லாச்சி இருக்கிற மேசையா?" என்று கேட்டார். சிரித்த சிரிப்பில் குடை சாய்ந்து இரண்டு பேரும் நனைந்தோம். உண்மையில் எனக்கும் அப்போது அது முழுசாக விளங்கவில்லை. டேபிள் என்கிற ஒவ்வொரு விபரப் பட்டியலிலும் ஒன்றை இன்னொன்றோடு குழப்பாமல் பிடிக்க, மாறாத ஒரு அடையாளம் வேண்டும் என்பதுதான் அந்தக் கீ. அது விளங்காததன் பலனைப் பின்னால் நான் நன்றாக அனுபவித்தேன், சொல்கிறேன்.

தானாகப் படிப்பதில் உள்ள சுகம் பெரிது. நினைத்த நேரத்தில் நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், முட்டாள்தனமான கேள்வி கேட்டாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். இன்னொரு பெரிய நன்மையும் எனக்குக் கிடைத்தது. படிக்கப் படிக்க, எதைப் பதிய வேண்டும் என்பது என் வேலை, வேறு யாருடையதும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். பால் ஊற்ற வருகிற பெண்களை ஒவ்வொருவராகக் கேட்டேன், "ஒனக்கு ஒன் மாட்டப் பத்தி என்னா தெரியணும்?" என்று. எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: "எப்ப ஈனும்னு தெரிஞ்சாப் போதும்க்கா." நிரோஷா மிஸ் கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் எங்களுக்கே பதில் தெரிந்தது. ஆனால் தானாகப் படிப்பதில் ஒரு குழியும் உண்டு. நமக்குத் தெரியாதது எது என்று நமக்குத் தெரியாது. வீடியோ நாம் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும், கேட்காததைக் கூப்பிட்டுச் சொல்லாது. திறக்கும்போது ரோசாப்பூப் படம் வருகிற மாதிரிச் செய்வதற்கு நான் ஒரு மாதம் செலவழித்தேன். அது நல்ல அழகாக வந்தது. அதனால் ஒரு மாட்டுக்கும் பிரயோசனம் இல்லை.

எப்படியோ ஒன்றைச் செய்து முடித்தேன். மாட்டையும் ஊசி போட்ட நாளையும் பதிந்தால், எப்போது ஈனும் என்று அதுவே சொல்லும். லெச்சுமிகளைப் பிரிக்க எனக்குத் தோன்றிய வழி, சொந்தக்காரர் பேரையும் மாட்டுப் பேரையும் சேர்த்து வைப்பது. "பாக்கியம் – லெச்சுமி" என்றால் பாக்கியம் அக்கா வீட்டு லெச்சுமி. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். காலையில் பால் வாளியோடு வருகிற பெண்கள், ஜாதகம் பார்க்கிற மாதிரி, "என் லெச்சுமிக்கு ஒங்க கொம்பியூட்டர் என்னா சொல்லுதுக்கா?" என்று கேட்பார்கள். அது சொன்ன வாரத்தில் கன்று விழும். டொக்டர் மாத்தயா எனக்குக் கைகொடுத்தார். உன் அப்பா லிந்துலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நிரோஷா மிஸ்ஸைக் கூப்பிட வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

பிறகு பாக்கியம் அக்காவின் இளைய மகள் சுமதிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நம்ம தோட்டத்து மேல் டிவிசன்காரர். அக்கா தன் சினை மாட்டையே மகளுக்குச் சீராகக் கொடுத்தார், "எப்ப ஈனும்னு செயலாளரோட கொம்பியூட்டர் சொல்லும், கவலப்படாத" என்று. நானும் "சுமதி – லெச்சுமி" என்று புதிதாகப் பதிந்தேன். அந்த மாட்டுக்குப் போட்ட ஊசி விபரம் மட்டும் பழைய பேரிலேயே, "பாக்கியம் – லெச்சுமி" என்பதிலேயே கிடந்தது. அது எனக்குப் படவே இல்லை. அடுத்த மாதம் அக்கா கிடேரி ஒன்றை வாங்கி வந்தார். அதற்கு என்ன பேர் வைத்தார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? கல்யாணமாகிப் போன லெச்சுமியின் கர்ப்பம், ஒரு ஊசியும் பார்க்காத கிடேரியின் பேரில் ஏறிக்கொண்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை கொம்பியூட்டர், பாக்கியம் வீட்டு லெச்சுமி இந்த வாரம் ஈனும் என்றது. அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். "கிடேரின்னு வாங்குனேன், சினையோட குடுத்துருக்கான், வித்தவனுக்கே தெரியல பாரேன்" என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். டொக்டர் மாத்தயா வந்தார். "மே லெச்சுமித?" என்றார். ஆமாம் என்றோம். வயிற்றைத் தடவிப் பார்த்தார், உள்ளே கைவிட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, இது வயித்துல புல்லு மட்டும்தான் இருக்கு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் கிடேரி மிரண்டு கயிற்றை இழுத்தது. பாக்கியம் அக்காவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. ஊசி போட்டது உண்மை. கணக்கும் சரி. அப்படியென்றால் கன்று எந்த வயிற்றில் இருக்கிறது?

"அக்கா, சுமதி மாடு!" என்று கத்தினேன்.

சுமதியின் போனுக்கு எடுத்தோம், போகவில்லை. டொக்டர் மாத்தயா ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டியை எடுத்தார். வளைவு வரைக்கும் வண்டி, அதற்கு மேல் தேயிலைக்குள் நடை. என் முழங்கால் வலியெல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ தெரியாது. உன் அப்பா வைத்தியரின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினார். போய்ப் பார்த்தால் மாடு பட்டியில் சாய்ந்து கிடக்கிறது, முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. சுமதி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். "காலையிலருந்து இப்புடித்தான் இருக்கு. கொம்பியூட்டர்ல இந்த மாசம் என் மாட்டுக்கு ஒண்ணுமே காட்டலன்னீங்களே, நாளாகும்னு இருந்துட்டோம்க்கா" என்றாள். தம்பி, அந்த வார்த்தை என்னை என்ன செய்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

கன்று பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. டொக்டர் மாத்தயா சட்டையைக் கழற்றி எறிந்தார், சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினார், தோள் வரைக்கும் உள்ளே விட்டு, மடங்கிக் கிடந்த கால்களை நிமிர்த்தினார். பின்னங்கால் இரண்டும் தெரிந்ததும் கயிறு கட்டி, மாடு முக்கும்போது மட்டும் இழுக்கச் சொன்னார். உன் அப்பாவும் சுமதியின் புருசனும் இழுத்தார்கள். நான் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். வழுக்கிக்கொண்டு வந்து விழுந்த கன்று மூச்சு விடவில்லை. அவர் அதன் மூக்கைத் துடைத்தார், பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார், வைக்கோலால் நெஞ்சைத் தேய்தேய் என்று தேய்த்தார். அப்போது அந்தக் கன்று தும்மியது. ஒரு மனுசன் தும்முகிற மாதிரியே தும்மியது! சுமதி என்னைக் கட்டிப்பிடித்தாள், நான் சுமதியின் மாமியாரைக் கட்டிப்பிடித்தேன், உன் அப்பா டொக்டர் மாத்தயாவையே கட்டிப்பிடித்துவிட்டார். தாய் மாடு தள்ளாடி எழுந்து, எங்கள் யாரையும் சட்டைசெய்யாமல், தன் பிள்ளையை நக்கத் தொடங்கியது.

பாக்கியம் அக்கா மூச்சு வாங்க அப்போதுதான் மேலே ஏறி வந்தார். கன்றைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அழுகையும் சிரிப்புமாக, "ஏம்புள்ள, இதுக்குத்தான் மொதல்லயே ஆள வைப்போம்னு சொன்னேன்" என்றார்.

"ஆமாக்கா," என்றேன். "இப்ப கூப்புடுவோம். இப்ப என்னா கேக்கணும்னு நமக்குத் தெரியும்."

நிரோஷா மிஸ் இரண்டாவது தடவை வந்தபோது கூட்டமும் இல்லை, நல்ல சேலையும் இல்லை. நான் செய்து வைத்திருந்ததைத் திறந்து காட்டினேன், நடந்ததைச் சொன்னேன். ரோசாப்பூவைப் பார்த்து, "வடிவா இருக்கு" என்றார். உள்ளே பார்த்தார். பிழையைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. "அம்மா, நீங்கள் நல்லாத்தான் செய்திருக்கிறியள். ஆனா மாடு கைமாறும், பேரும் மாறும். மாறாத ஒண்டைப் பிடிக்க வேணும். மாட்டிலை மாறாதது என்ன இருக்கு?" என்று கேட்டார். நானும் உன் அப்பாவும் ஒரே நேரத்தில், "காதுல நம்பர்!" என்று கத்தினோம். டொக்டர் மாத்தயா ஒவ்வொரு மாட்டின் காதிலும் மஞ்சள் வில்லை ஒன்றைக் குத்தி வைத்திருக்கிறார், அதில் இலக்கம் இருக்கிறது. தினமும் பார்க்கிற பொருள், எனக்குத் தோன்றவில்லை. மேசைக்கு எதற்குச் சாவி என்று அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சுக்குள் விளங்கியது.

அதற்குப் பிறகு சில வார இறுதிகளில் அவர் வந்தார். நான் முதலிலேயே ஒன்று கேட்டுக்கொண்டேன், "மிஸ், நீங்க சொல்லுங்க, நான் தட்டுறேன்" என்று. அவருக்கு அதில் நேரம் கூடத்தான் ஆனது, ஆனால் முகம் சுளிக்கவில்லை. நான் வீடியோவில் மாதக் கணக்காக முட்டிக்கொண்டிருந்த இடத்தை அவர் ஒரு வாக்கியத்தில் தாண்டிவிட்டார். நான் அந்த வீடியோக்களைப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த வாக்கியம் எனக்கு விளங்கியிருக்காது. இரண்டும் உண்மை. நான் கேட்க நினைக்காததையும் அவர்தான் கேட்டார். "லெப்டொப் பழுதாப்போனா என்ன செய்வியள்?" என்றார். இப்போது வாரத்துக்கு ஒரு பிரதி எடுத்துப் பாக்கியம் அக்கா வீட்டில் வைக்கிறோம். அக்கா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார், வெள்ளிக்கிழமை பூசையும் காட்டுகிறார் என்று கேள்வி. கடைசி நாளன்று மிஸ்ஸை மாட்டுப் பட்டிக்குக் கூட்டிப்போனேன். தூரத்திலேயே நின்றார். சுமதியின் கன்று துள்ளி வந்து அவர் கையை நக்கியதும் ஒரு சத்தம் போட்டார் பார், பிறகு அவரே அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். "அம்மா, இனி இதுக்கு நான் தேவையில்லை. வந்தாத் தேத்தண்ணி குடிக்கத்தான் வருவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல ஆலோசகர் என்றால் அதுதான் அடையாளம் என்று எனக்குப் படுகிறது. அவர் போன பிறகு நமக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கக் கூடாது.

இப்போது உன் கடைக்கு வருகிறேன். முதலில் நீயும் கௌரியும் கடையைப் பூட்டிய பிறகு உட்கார்ந்து, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். "எல்லாம் தெரியணும்" என்று நீ சொன்னால் கௌரி உன் தலையில் குட்டலாம், நான் அனுமதி தருகிறேன். பிறகு கொஞ்சம் படி. தேர்ந்த ஆளாக ஆக வேண்டாம், எதிரில் இருக்கிறவர் சொல்வது விளங்குகிற அளவுக்கு, ஒரு சின்ன மாதிரியை நீயே செய்து பார்க்கிற அளவுக்குப் போதும். அது எங்கேயாவது உடையும். உடைகிற இடத்தில்தான் உனக்கு ஆள் வேண்டும். இன்னும் ஒரு பெண்ணின் முகூர்த்தச் சேலையில் அதை உடையவிட்டுப் பழகாதே, சும்மா பதிந்து பார்த்து உடை. ஆள் வந்ததும் அவரை ஒரு முழு முகூர்த்த நாள் கடையில் உட்கார வை. சேலை போவதையும் வருவதையும் அவர் கண்ணால் பார்க்கட்டும். "சிவப்புப் பட்டு" என்று பதிந்தால் நீயும் என்னை மாதிரித்தான் மாட்டிக்கொள்வாய், ஒவ்வொரு சேலைக்கும் அதற்கென்று ஒரு இலக்கம் தைத்து வை. கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும். அவர் நாளைக்கு வெளிநாடு போய்விட்டால் யார் பார்ப்பது என்று முதல் நாளே கேள். அப்படிக் கேட்டதற்குக் கோபிக்கிறவர் உனக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. திரும்பி வந்த பட்டுச் சேலையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுத்த பெண்ணுக்குக் கொடுக்க எத்தனை நாள் விட வேண்டும் என்பது எந்த வீடியோவிலும் இல்லை, எந்த ஆலோசகருக்கும் தெரியாது. அது கௌரிக்குத் தெரியும். அவள் பக்கத்தில் இல்லாமல் ஒன்றும் முடிவெடுக்காதே. படிக்கிறேன் என்று சொல்லி ஒவ்வொரு ராத்திரியும் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கவும் செய்யாதே. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவளும் வேண்டுமென்றால் சேர்ந்து படிக்கட்டும். குடை பிடிக்க ஒரு ஆள் இருந்தால் எந்தப் பாடமும் இலேசாகத்தான் இருக்கும், அதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு சங்கதி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பொறுத்திருந்தேன். நேற்று டயகமப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா போன் எடுத்தார். அவர்களும் பால் சங்கம் வைத்திருக்கிறார்களாம். டொக்டர் மாத்தயா என் பேரைச் சொன்னாராம். "ஆள் வச்சி செய்யலாமா, நாங்களே படிக்கலாமான்னு ஒரே யோசன. நீங்க ஒருக்கா வந்து பாத்துச் சொன்னா நல்லா இருக்கும் மெடம்" என்றார். மெடம்! என்னை! உன் அப்பா மாவுக் கையோடு ஓடி வந்து, காதைப் போனில் ஒட்டிக்கொண்டு நின்றார். அடுத்த வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா தயங்கித் தயங்கி, "நீங்க எந்த எடத்துல படிச்சீங்க மெடம்?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள், உன் அப்பா போனுக்குள் கத்தினார்: "மாட்டுப் பட்டியிலங்க!"

அந்தப் பக்கம் ஒரு கூட்டமே கூடி நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும், அத்தனை பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த அம்மா சிரிப்பை அடக்க முடியாமல், "அப்ப நீங்கதான் எங்களுக்கு வேணும், வந்துருங்க" என்றார்.